இன்ஸ்பெக்டர் வீட்டுக் காப்பி

கல்யாணமாகி நான் குடித்தனம் வந்த ஊர், அரூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் ஒரு சந்தை ஊர். தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் கணவர் அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர். சாக்கடை, குப்பை, அம்மைத் தடுப்பூசி எல்லாம் அவர் பொறுப்பு. கடைகளில் விற்கும் உணவுப் பொருளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, சென்னைக்குச் சோதனைக்கு அனுப்புவார். கலப்படம் என்று அறிக்கை வந்தால் கடைக்காரர் மேல் கேஸ் போடுவார்.

நான் கடைக்குப் போனால் தராசுத் தட்டு என் பக்கம் தாழ்ந்தே நிற்கும். கத்தரிக்காய் விற்பவள் சொத்தை இல்லாமல் பொறுக்கிப் போடுவாள். பால்காரர் நுரை அடங்கும்வரை காத்திருந்து மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். வந்த புதிதில், இது நல்ல ஊர், நல்ல மனிதர்கள் என்று அப்பா வீட்டுக்கு எழுதிப் போட்டேன். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு அதே தட்டு வேறு மாதிரி நிற்பதைப் பார்த்த பிறகுதான், அந்த மரியாதை எனக்கில்லை, கணவரின் வேலைக்கு என்று உறைத்தது.

நான் குடித்தனம் வந்த அன்றே கணவர் எனக்குச் சொல்லி வைத்திருந்தார். "யாரு எது சும்மா குடுத்தாலும் வாங்காத. கடன் சொல்லாத. கையில காசு இருந்தா வாங்கு, இல்லன்னா வந்துரு." அதன்படிதான் நடந்தேன். கொசுறுக் கறிவேப்பிலையைக்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கும் பொருள் நல்லதாகவே வந்தால் அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பக்கத்து வீட்டில் ஒரு கண்டக்டர் குடும்பம். அவருக்குச் சேலம் போகும் தனியார் பஸ்ஸில் வேலை. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவர் மனைவி என்னைவிட இளையவள். கணவரிடம் தெலுங்கிலும் மற்ற எல்லாரிடமும் தமிழிலும் சண்டை போடுவாள். என்னிடம் மட்டும் சண்டையில்லை. மத்தியானம் வேலை முடிந்ததும் என் வீட்டு வாசல்படியில் வந்து உட்காருவாள். ஒருநாள் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பொடிங்க்கா இது?"

கடைவீதியில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடையின் பொடி என்றேன்.

"நானுந்தான் அங்க வாங்கறேன். எங்க வூட்டுக் காப்பி இப்பிடி மணக்காதுங்களே."

பாலில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்றோ, வெந்நீர் ஆறியிருக்கும் என்றோ ஏதோ சொன்னேன். அவள் விடவில்லை. மறுநாள் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். நான் வளர்ந்தது காரிமங்கலம் பக்கம், மானாவாரிக் காட்டில். எங்கள் வீட்டில் தினமும் கேப்பங்கூழ்தான். காப்பி கிறிஸ்துமஸுக்கும் விருந்தாளிக்கும்தான். அதனால் காப்பியின் ருசியில் நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. ஆனால் அவள் கொடுத்ததை நாக்கில் வைத்ததுமே தெரிந்தது. கருகல் கசப்பு. தொண்டையில் கொழகொழவென்று இறங்கியது. டம்ளரின் அடியில் சேறு மாதிரி தங்கியது.

கணவர் வீட்டில் எப்போதோ செய்து காட்டிய ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. இரண்டு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். ஒன்றில் என் வீட்டுப் பொடியைத் தூவினேன். மிதந்தது. இன்னொன்றில் அவள் பொடியைத் தூவினேன். கொஞ்சம் மேலே நின்றது. மீதியெல்லாம் சரசரவென்று அடிக்குப் போனது, போகிற வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு.

அவள் டம்ளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரே கடை, ஒரே வெல. தப்பா நெனச்சிக்காதீங்க்கா, சாருக்கு இது தெரியுங்களா?"

"தெரியாது" என்று உடனே சொன்னேன். சொன்ன பிறகு, எனக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் காப்பிக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குக் கடைக்காரர் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த டின்னிலிருந்து பொடி எடுத்து நிறுத்தார். என் முறை வந்ததும் நிமிர்ந்து, அலமாரி மேல் தட்டிலிருந்த டின்னை இறக்கினார். எப்போதும் அப்படித்தான் செய்திருப்பார். அன்றுதான் நான் கவனித்தேன்.

"அந்தக் கீழ் டின்னுலருந்தே போடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நெற்றியில் சந்தனம், மடிப்புக் கலையாத சட்டை, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். "அது பழசுங்கம்மா. ஒங்களுக்குப் புதுசா அரச்சது தரேன். சாரு வூட்டுக்குப் பழசு குடுக்கலாங்களா?"

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நல்ல காப்பிப்பொடியின் மணம் கையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதைத் தூக்கி எறியலாமா என்றுகூட இருந்தது.

கணவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் கேட்டேன். "காப்பிக்கடையில நீங்க மாதிரி எடுத்திருக்கீங்களா?"

"எடுத்திருக்கனே. போன வருஷமும் எடுத்தேன், இந்த வருஷமும் எடுத்தேன். ரெண்டும் சுத்தமான காப்பின்னு அறிக்கை வந்துச்சு. ஏன்?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்து வீட்டு டம்ளர் என் கண்ணில் நின்றது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதையும், முகம் கழுவுவதையும், துண்டால் துடைப்பதையும் ஒரு வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளுக்குப் புது சீட் போட்டிருந்தார். எப்போது போட்டார்? என்னிடம் சொன்னாரா? சொல்லியிருப்பார், நான்தான் மறந்திருப்பேன். இப்படியே மனம் ஓடியது.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பொடியையும் பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்த பொடியையும் அவர் முன்னால் தண்ணீரில் தூவிக் காட்டினேன். டம்ளரைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"நீ என்ன நெனக்கிற?" என்றார் கடைசியில்.

"எனக்குப் போடற டின்னுலருந்துதான் உங்களுக்கும் போட்டிருக்காரு. நீங்க கடைக்கு வர்றது ஒரு தெரு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருது."

"அது மட்டுந்தான் நெனக்கிறயா?"

நான் டம்ளர்களை எடுத்து ஒதுக்கினேன். அவர் முகம் சிவந்தது. எழுந்து போய்ப் படுத்துவிட்டார். எனக்குத் தெரிந்து எங்கள் குடித்தனத்தில் மிக மோசமான மௌனம் அதுதான்.

மறுநாள் காலையில் அவரே பேச்சை எடுத்தார். டின் இரண்டு என்றால், கீழ் டின் திறந்திருக்கும்போது தான் அங்கே நிற்க வேண்டும் என்றார். வேறு யாராவது வாங்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் போக வேண்டும். வாங்குவது யார்?

பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். முழுதும் கேட்டுவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"நான் வாங்கறேன். ஆனா சாரு, நான் சொல்றன்னு கோவிச்சிக்காதீங்க. நாளைக்கு நீங்களும் அவரும் பேசி முடிச்சிக்கிட்டா, ஊர்ல நான்தான் கெட்டவளா நிப்பேன்."

"பேசி முடிக்க மாட்டேன்" என்றார் கணவர்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

அவருக்கும் அவளிடம் நம்பிக்கையில்லை. அவள் போன பிறகு, "இவ வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருப்பாளா?" என்று என்னிடம் கேட்டார். ஆபீசில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பியூனிடம்கூட, சந்தை அன்றைக்குப் பக்கத்துக் கிராமத்தில் தடுப்பூசி முகாம் இருக்கிறது, அங்கே போகிறேன் என்றே சொல்லியிருந்தார்.

அந்த இடைப்பட்ட நாட்களில் அவள் இன்னொன்றும் சொன்னாள். புளி சீசனில் எங்கள் ஊரில் பாதி வீட்டில் கூலிக்குப் புளி தட்டுவார்கள். அந்தக் கொட்டையை மூட்டை மூட்டையாக வாங்குவது காப்பிக்கடைக்காரர்தான். மில்லுக்குப் பசை காய்ச்ச அனுப்புவதாகச் சொல்வாராம். நூல் மில்களுக்குப் புளியங்கொட்டைப் பசை போவது உண்மைதான். "மூட்ட உள்ள போறத எல்லாரும் பாத்திருக்காங்க. வெளிய லாரி ஏறுனத யாரும் பாக்கலீங்க்கா" என்றாள்.

சந்தை அன்று காலையில் கணவர் தடுப்பூசிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி கடைவீதி வழியாகவே ஊருக்கு வெளியே போனார். பிறகு ஏரிக்கரையைச் சுற்றி, சந்தைக்குப் பின்னால் வந்து மாட்டு வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டார். நான் எதிர்ப்பக்கம் வளையல் கடையில் நின்றேன். வரவேண்டாம் என்றுதான் சொன்னார். என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கடைப்படி ஏறினாள். கடைக்காரர் குனிந்து கீழ் டின்னை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். பொடியை நிறுத்தார்.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க. எங்க நாத்தனாரு வந்திருக்குது."

இன்னும் கொஞ்சம் போட்டார்.

"அவங்களுக்குத் தனிப் பொட்டலமா கட்டுங்க. ஊருக்கு எடுத்துக்கினு போவணுமாம்."

அவர் தாளைக் கிழித்து இரண்டாவது பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது கணவர் உள்ளே நுழைந்தார். "இந்த டின்னுலருந்து மாதிரி எடுக்கறேன்" என்று சட்டப்படி சொல்லவேண்டியதைச் சொன்னார்.

கடைக்காரரின் கை டின் மூடிக்குத்தான் முதலில் போனது. "சார், வாங்க வாங்க. இது பழசு சார், ஓட்டலுக்குனு வெச்சது. நல்ல டின்னு மேல இருக்குது..."

"இப்ப இந்தம்மாவுக்கு எதுலருந்து குடுத்தீங்க?"

"அது வந்துங்க..."

"இதுலருந்துதான் சார் குடுத்தாரு. ரெண்டு பொட்டலமும் இதுலருந்துதான்." அவள் இரண்டு கையாலும் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் அதை இழுத்திருந்தால் அவளும் சேர்ந்து வந்திருப்பாள்.

காசு கொடுத்து மாதிரி வாங்கி, மூன்று பங்காகப் பிரித்து, மூன்று புட்டிகளில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று சென்னைக்கு, ஒன்று கோர்ட்டுக்கு. சாட்சிக் கையெழுத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அதுவரை எட்டிப் பார்த்த கூட்டம் கரைந்தது. ஒருவருக்குப் பஸ் வந்துவிட்டது, ஒருவர் மாட்டைக் கட்டாமல் வந்துவிட்டார். எல்லாரும் அந்தப் பொடியைத்தான் குடிக்கிறார்கள். கடைசியில் அவளே, "குடுங்க, நான் போடறேன்" என்று வாங்கித் தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள்.

"யோசிச்சுப் போடும்மா" என்றார் கடைக்காரர், குரலை உயர்த்தாமல். "ஒங்க வூட்டுக்காரரு ஓடற பஸ்ஸு மொதலாளி நமக்கு உறவுதான்."

அன்று சாயங்காலமே பஞ்சாயத்துத் தலைவர் கணவரைக் கூப்பிட்டு, "பார்சல் அனுப்பியாச்சா?" என்று மட்டும் கேட்டாராம். ஏன் கேட்டார் என்று சொல்லவில்லை. அனுப்பவில்லை, காலையில்தான் அனுப்புவேன் என்று இவரும் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். "எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் பார்சலுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

காலையில் அவர் பார்சலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச தூரம் போகட்டும் என்று இருந்துவிட்டு நானும் கிளம்பினேன். தபால் ஆபீஸுக்கு எதிரில் ஒரு புங்க மரம். அதன் மறைவில் நின்றேன். அவர் நேராகத் தபால் ஆபீஸுக்குள்தான் போனார். பதிவுத் தபால் ஜன்னலில் பார்சலைக் கொடுத்தார், நிறுத்தார்கள், ரசீது எழுதினார்கள். திரும்பியவர் மரத்தடியில் என்னைப் பார்த்துவிட்டார். நான் நகரவில்லை. கிட்டே வந்து ரசீதை என் கையில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்.

அறிக்கைக்காகக் காத்திருந்த வாரங்களில் ஊரே எங்களை ஓரக்கண்ணால் பார்த்தது. இன்ஸ்பெக்டர் பணம் கேட்டார், கடைக்காரர் தரவில்லை, அந்தக் கோபத்தில்தான் கேஸ் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இத்தனை வருடம் நல்ல பொடி வாங்கிக் குடித்தவர்கள்தானே என்றும் சொன்னார்கள். அதை எப்படி இல்லை என்பது? குடித்தோமே. ஒருநாள் மத்தியானம் கடைக்காரரே எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஒரு டப்பா.

"அம்மா, கொடகுலருந்து வந்த கொட்ட. ஒங்களுக்குனு தனியா வறுத்தேன்."

கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே வேண்டாம் என்றேன்.

"இத்தன நாளும் வேணாம்னு சொல்லலீங்களே" என்றார். அதே சிரிப்பு. டப்பாவைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி "மறந்து வுட்டுட்டுப் போறீங்க பாருங்க" என்று அவர் பின்னாலேயே ஓடிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவள் உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"சாரு பணம் கேட்டாருன்னு சொல்றாங்களே. நெசங்களாக்கா?"

"பார்சல் போனத என் கண்ணால பாத்தேன்" என்றேன். என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அறிக்கை வந்தது. வறுத்த புளியங்கொட்டை கலந்திருக்கிறது, காப்பி சொற்பம் என்று. கணவர் அதை என் முன்னால் வைத்தார். ஜெயித்த முகம் இல்லை. "ரெண்டு வருஷம் நான் எடுத்த மாதிரி எல்லாம் எனக்குனு வெச்ச டின்னு" என்றார். "நான் போன எல்லாக் கடையிலும் இப்பிடி ஒரு டின்னு இருந்திருக்குமோ என்னமோ."

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. சாட்சி சொல்ல அவள் போனாள். துணைக்கு நானும் போய்ப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரரின் வக்கீல் எழுந்தார். "இன்ஸ்பெக்டர் சம்சாரமும் நீங்களும் சிநேகிதம்தானே?"

"ஆமாங்க."

"அவங்க சொல்லிக் குடுத்துத்தானே அன்னிக்குக் கடைக்குப் போனீங்க?"

அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லிக் குடுக்க என்னாங்க இருக்குது? அவங்க வூட்டுக் காப்பி நல்லா இருந்துச்சு. எங்க வூட்டுக் காப்பி நல்லா இல்ல. ரெண்டும் ஒரே கடையில வாங்குனது. அதாங்க கேஸு."

மாஜிஸ்திரேட் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். சிரிப்பை மறைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பில் கடைக்காரருக்கு அபராதம், அதோடு கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும் தண்டனை. மடிப்புக் கலையாத சட்டையோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே கடை திறந்தது. மேசைக்கு அடியில் எதுவும் இல்லை என்று தெரியும்படி முன்பக்கப் பலகையைக் கழற்றியிருந்தார். வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

பக்கத்து வீட்டுக் கண்டக்டரைத் திருவண்ணாமலை வண்டிக்கு மாற்றினார்கள். அந்த வண்டி ராத்திரி அங்கேயே தங்கிவிடும். கேஸுக்காகத்தான் மாற்றினார்களா, ஆள் குறைவால் மாற்றினார்களா, கேட்டால் யாரும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் மட்டும், "போவட்டும்க்கா, வூட்ல சண்ட கொறஞ்சிருச்சி" என்றாள்.

அதற்கு அடுத்த வருடம் எங்களுக்கும் மாற்றல் வந்தது. மாற்றல் முறைப்படி வந்ததுதான் என்றார் கணவர். நான் மூட்டை கட்ட ஆரம்பித்தேன். அவள் பஸ் ஸ்டாண்டுவரை வந்து, என் பெட்டியை மேலே ஏற்றச்சொல்லிக் கண்டக்டரோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

புது ஊரில் முதல் நாள் பால்காரர் வாசலில் வந்து நின்றார். "சாருக்கு என்ன வேலைங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆபீசுல கிளார்க்" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

சாயங்காலம் கணவர் வந்து சைக்கிளை நிறுத்தினார். "பால்காரரு வழியில மறிச்சு, எந்த ஆபீசுல கிளார்க்குனு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தாலுகா ஆபீசுன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் பாலில் தண்ணீர் தாராளமாக இருந்தது. கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக ஊரார் குடிக்கும் பாலை நாங்களும் வாங்கியிருந்தோம். அவர் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னும் பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பால் சோதிக்கும் கண்ணாடிக் கருவியைத் தேட ஆரம்பித்தார்.